பேசாதவர்களுக்குப் பெயர் வைத்த கதை

காந்தியம்மா அந்தச் சொல்லை எழுதி அனுப்பிய மறுநாள் காலை, கரூரில் தமயந்தி என்கிற பெண்ணின் இடது தோளில் அருகம்புல் முளைத்திருந்தது. கொத்தாக, ஈரத்தோடு, முந்தின நாள் நல்ல மழை பெய்ததுபோல் முளைத்திருந்தது. அவள் கணவன் சவரிமுத்து பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்த்தான், இரண்டு கிள்ளுக் கிள்ளி எறிந்தான், "வேரு உள்ள நிக்குது போல, சாயங்காலம் வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். பேருந்துக்குக் கூடு கட்டுகிற பட்டறையில் அவனுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. புல் முளைத்ததற்கெல்லாம் அங்கே யாரும் லீவு தருவதில்லை.

காந்தியம்மா என்பவர் யார், அந்தச் சொல் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சி உறையூரில் சொந்த வீடும் மொட்டை மாடி நிறையத் தொட்டிகளும் வைத்திருக்கிற பரிமளகாந்தி அம்மாள், கூட்டுறவுப் பண்டகசாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்ற பிறகும் மேலாளராகவே இருந்தவர், மாடிக்கு யாராவது செருப்போடு ஏறினால் மண்ணுக்குக் கோபம் வரும் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர், 'மாடிப்பச்சை' என்று ஒரு வாட்ஸ்அப் குழுவை நடத்தி வந்தார். கத்தரியில் காய்ப்புழு விழுந்தவர்கள், வெண்டை மஞ்சளடித்தவர்கள், மிளகாய் இலை சுருண்டு போனவர்கள் என்று ஆயிரம் பேருக்குக் கொஞ்சம் குறைவாக அதில் இருந்தார்கள். விடிந்ததும் 'இன்றைய வேலை' என்று காந்தியம்மா ஒரு பத்தி எழுதுவார், கடைசியில் 'புரிந்ததா?' என்று கேட்பார், புரிந்தவர்கள் ஒரு இலைப் படம் போடுவார்கள்.

அதாவது, ஒரு நாற்பது பேர் போடுவார்கள். மற்ற எல்லோரும் படிப்பார்கள், அவ்வளவுதான். வங்கியில் வேலை பார்க்கிற பெண் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பாள், வீட்டுக்காரர் மாடியில் ஒரு தொட்டிகூட வைக்க விடாத குடித்தனக்காரர் பெருமூச்சோடு படிப்பார், குவைத்தில் கிரேன் ஓட்டுகிற கூத்தாநல்லூர் ஹாஜா முகைதீன், பத்து வருடமாக ஒரு செடியையும் தொடாதவர், அடுத்தவர் வீட்டு வெண்டை எப்போது பூத்தது எப்போது பிஞ்சு விட்டது என்பதை ஊருக்குப் போன் பேசுகிற ஆசையோடு படிப்பார். இவர்கள் யாரும் வாயைத் திறந்ததில்லை, அதற்கு ஒரு காரணமும் இருந்தது. குழுவில் முதல்முறை பேசுகிறவர் எழுதக் கூடாது, தன் சொந்தக் குரலில் பெயரும் ஊரும் மாடியின் நிலவரமும் சொல்லி அனுப்ப வேண்டும். அதற்கு 'முதல் வணக்கம்' என்று பெயர். எழுத்தில் யாரும் யாராகவும் வரலாம், குரலில் வர முடியாது என்பது காந்தியம்மாவின் கட்சி. முதல் வணக்கம் வந்ததும், அடுத்த நிமிடமே, "வா. உன் தொட்டிக்கு இங்கே இடம் உண்டு" என்று அவர் பதில் எழுதுவார். பெரிய வக்கீலாக இருந்தாலும் 'வா'தான். அந்த ஒரு 'வா'வுக்காகவே குரலைச் செருமிக்கொண்டு சேர்ந்தவர்கள் உண்டு.

தமயந்தி, காந்தியம்மாவின் ஒரே மகள்.

சவரிமுத்துவைக் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொன்ன நாளில், ஜாதியும் வேறு சாமியும் வேறு என்று தாய் கொதித்த நாளில், "இனிமே உன் குரல் என் காதுல விழக் கூடாது" என்று காந்தியம்மா சொன்னார். கோபத்தில் யாரும் சொல்வதுதான். நூறு பெண்கள் அதைக் கேட்டுவிட்டு அடுத்த தீபாவளிக்கு வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பார்கள். தமயந்தி தாயின் பிடிவாதத்தில் பாதியை வாங்கிக்கொண்டு பிறந்தவள், சொன்னதைச் சொன்னபடி செய்தாள். குரலைக் காட்டவில்லை. ஆனால் எங்கோ ஒரு விதைத் திருவிழாவில் கொடுத்த பொட்டலத்தின் பின்புறம் மாடிப்பச்சைக் குழுவின் முகவரி அச்சாகியிருந்ததைப் பார்த்து, புது நம்பரில், பெயருக்குப் பதில் ஒரு அடுக்குச் செம்பருத்திப் படத்தை வைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். அன்று முதல் ஆறு வருடமாகக் காலையில் கண் விழித்ததும் அம்மா எழுதியதைப் படிப்பாள், பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள். மண்புழு உரத்தைப் பற்றி எழுதினாலும் அது அம்மாவின் பேச்சுத்தானே. 'புளித்த மோரை வீணாக்காதீர்கள்' என்ற வரியில் அம்மா உதட்டைச் சுழிப்பது தெரியும், 'முட்டாள்தனமாக வெயிலில் தண்ணீர் ஊற்றாதீர்கள்' என்ற வரியில் தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருப்பாள்.

ஆகவே, பங்குனி மாதம் ஒரு நாள் காந்தியம்மா மீன் அமிலம் தயாரிப்பதைப் பற்றி முட்டி வலிக்க உட்கார்ந்து நீளமாக எழுதி, 'புரிந்ததா?' என்று கேட்டு, நான்கே நான்கு இலைகள் வந்ததில் மனம் புண்பட்டு, பண்டகசாலையில் வராத சிப்பந்திகளுக்கு மெமோ எழுதிய அதே விரலால், "விதைக்காமல் வந்து, உரத்தைத் தின்று, பூக்காமல் காய்க்காமல் நிற்பதற்குத் தோட்டத்தில் என்ன பெயர்? களை. இந்தக் குழுவில் பேசாதவர்கள் அத்தனை பேரும் களை" என்று எழுதியபோது, அந்தச் சொல் நேராக வந்து இறங்கிய இடங்களில் ஒன்று அவர் பெற்ற மகளின் தோள்.

அந்த வாரத்தில் எல்லாருக்கும் முளைத்துவிட்டது. சிலருக்குக் கழுத்தில் கோரை, சிலருக்கு முழங்கையில் குப்பைமேனி, வங்கிப் பெண்ணுக்கு விரல் இடுக்குகளில் தொட்டாற்சிணுங்கி. அவள் நோட்டு எண்ணும்போதெல்லாம் அது சுருங்கிக்கொண்டது, வாடிக்கையாளர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். சலூன்களில் முடி வெட்டிய கையோடு புல்லும் செதுக்கினார்கள். சங்கடஹர சதுர்த்தி வந்தால் பிள்ளையார் கோயில் குருக்கள் அக்கம்பக்கத்து வீடுகளில், "உங்காத்துல யாராவது பேசாம இருக்காளா?" என்று கேட்டுவிட்டு அருகம்புல்லாகப் பார்த்து இரண்டு கைப்பிடி வாங்கிப் போனார். தெருவில் போனால் ஆடுகள் பின்னால் வந்தன. டாக்டர்கள் களிம்பு எழுதிக் கொடுத்தார்கள், களிம்பில் புல் இன்னும் செழிப்பாக வந்தது. குவைத்தில் ஹாஜா முகைதீனின் முதுகில் முளைத்ததை அவர் அறைவாசிகள் பறிக்க விடவில்லை. வேலை முடிந்து வந்து ஒருவர் மாற்றி ஒருவர் அதில் கன்னத்தை வைத்து மோந்துவிட்டுத் தூங்கினார்கள்.

குழுவில் ஒரு வார்த்தை பேசினால் புல் வாடிவிடும் என்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று வீட்டுக்கு வீடு சொல்லி, குரலைச் செருமிக்கொண்டு ஆளாளுக்கு முதல் வணக்கம் சொன்னார்கள், அதன்பின் காலை வணக்கம் சொன்னார்கள், மாலை வணக்கம் சொன்னார்கள், ரோஜாப்பூவுக்குள் குத்துவிளக்கு எரிகிற படம் போட்டார்கள், அருமை என்றார்கள், அருமையோ அருமை என்றார்கள். ஒருத்தர் மாவுப்பூச்சிக்கு மருந்து கேட்டால் அவர் கேள்வி இரண்டு நிமிடத்தில் எங்கோ அடியில் போய்விடும், அவர் செடி செத்தபிறகு 'ஆழ்ந்த இரங்கல்' என்று முப்பது பேர் போடுவார்கள். முன்பு சொன்னதைக் கேட்க ஆள் இருந்தது. இப்போது எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காந்தியம்மாவுக்கு இலைகள் நூற்றுக்கணக்கில் குவிந்தன, அவருக்கு என்னவோ பசி அடங்கவில்லை.

"ஒரு பூப் படம் போட்டுத் தொலையேன், தமயா" என்றான் சவரிமுத்து. சாயங்காலங்களில் அவளை வாசல்படியில் உட்காரவைத்து, பெயின்ட் சுரண்டுகிற தகட்டால் தோளைக் கொத்திக் கொடுப்பது அவன் வேலையாகிவிட்டது. மகள் ஜெனிதா பிடுங்கிய புல்லைப் பொம்மை மாட்டுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல குரல் அனுப்பணும்."

"அனுப்பு. என்ன கெட்டுப்போச்சு?"

"அம்மா கேப்பாங்க. கேட்டதும் என்னைத் தூக்கி வெளிய போட்டுருவாங்க. அப்புறம் காலைல எந்திரிச்சு நான் எதைப் படிக்கிறது?"

"அதுக்காக உடம்பு பூரா புல்லு வளத்துக்கிட்டு உக்காந்திருப்பியா?"

"அவங்கதானே என்னைப் பேசக் கூடாதுன்னாங்க. இப்ப அவங்களே பேசலன்னு களைங்கறாங்க. நான் என்னதாங்க பண்றது?"

சவரிமுத்து தகட்டை மறுபடி எடுத்தான். வேர் தோள்பட்டை எலும்பைச் சுற்றியிருந்தது, இழுக்கும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. அவனுக்கு அழுகை வந்தது, அழுதான்.

குழுவின் இரண்டாவது நிர்வாகி வைத்தியலிங்கம், ஸ்ரீரங்கத்துக்காரர், தேன் தடவிப் பேசுகிறவர், பேச ஆரம்பித்தால் காவிரியை நிறுத்தினாலும் அவரை நிறுத்த முடியாது. அவர் மனைவி சௌந்தரவல்லியும் குழுவில் பேசாதவர்களில் ஒருத்தி. அவளுக்கு நெற்றியில் தும்பை முளைத்து வெள்ளைப் பூ பூத்திருந்தது. "நீ ஒரு வார்த்த பேசிடேன் வல்லி, என் மானம் போறது" என்று அவர் கெஞ்சினார். "பேசறதுக்கு நீங்க என்ன மிச்சம் வெச்சேள்?" என்று அவள் கேட்டுவிட்டு ரசத்துக்குத் தாளிக்கப் போய்விட்டாள். மனிதர் நல்லவர், யோசித்தார். களை என்ற பெயரில்தான் கோளாறு, நல்ல பெயராக வைத்தால் நல்லதாக முளைக்கும் என்று முடிவு கட்டி, குழுவில் உருக்கமாக எழுதினார்: "பேசாதவர்கள் களைகள் அல்ல. மண்ணுக்குள் உறங்கும் விதைகள். ஒருநாள் முளைப்பார்கள். காத்திருப்போம்." ஐந்நூறு இலைகள் வந்தன. காந்தியம்மாவும் ஒரு இலை போட்டார்.

புல் அன்று மாலையே உதிர்ந்தது. பேசாதவர்கள் வீடுகளில் பாயசம் வைத்தார்கள். பத்து நாள் கழித்துத்தான் தோல் கெட்டிப்படுவது தெரிந்தது. முதலில் குதிகால், பிறகு கைகள், பிறகு கன்னம் என்று புளியங்கொட்டைபோல் பழுப்பாகி, வழவழப்பாகி, தட்டினால் டொக்கென்று சத்தம் வந்தது. எந்நேரமும் தூக்கம் அழுத்தியது. ஊர் இதையும் நல்லவிதமாகவே எடுத்துக்கொண்டது. முன்பு களை என்று ஒதுங்கியவர்கள் இப்போது மரியாதையாக, "விதைங்க தூங்குது, சத்தம் போடாதீங்க" என்று டி.வி.யைக் குறைத்தார்கள். கெட்டுப்போகாமல் இருக்கச் சாம்பல் பூசினார்கள். முளைப்பு நன்றாக வரும் என்று பஞ்சகவ்யத்தில் துணியை நனைத்து மாமனார் மாமியாருக்கு ஒத்தடம் கொடுத்த மருமகள்கள் உண்டு, அதில் கொஞ்சம் பழைய கணக்கும் இருந்திருக்கலாம்.

ஆனால் விதை என்று சொல்லிவிட்டால் அப்புறம் அதை யாரும் சும்மா விடுவதில்லை. எப்போது முளைப்பீர்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். காலையில் கேட்டார்கள், சந்தையில் கேட்டார்கள், தூங்குகிறவர்களைத் தொட்டு எழுப்பிக் கேட்டார்கள். களைக்கு இந்தத் தொல்லை இல்லை, களையிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. தமயந்தி தன் விறைத்த விரலால் கைப்பேசியைத் தள்ளித் தள்ளி அம்மாவைப் படித்தாள், கண்ணிமையும் தடித்துக்கொண்டு வந்ததில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. "அம்மாவ தட்டினா தேங்கா மாதிரி கேக்குதுப்பா" என்றாள் ஜெனிதா. சவரிமுத்து அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஆனி முடிந்தது. ஒரு விதையும் முளைக்கவில்லை. காந்தியம்மா தோட்டக்காரி, தோட்டக்காரர்கள் செய்கிற தப்பைத்தான் அவரும் செய்ய முடியும். விதை முளைக்காவிட்டால் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள், அமிழ்ந்தது நல்ல விதை, மிதந்தது சொத்தை, மிதந்ததை வழித்து எறிவார்கள். மனிதர்கள் விதை என்றால் அந்தச் சட்டம் அவர்களுக்கும் உண்டு என்று அவர் நினைத்தார். ஆடி முதல் தேதி எழுதினார்: "ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆடிப்பெருக்கு வரை பொறுப்பேன். அதற்குள் முதல் வணக்கம் சொல்லாதவர்கள் விதை அல்ல, பதர். பதரைக் காற்றில் தூற்றிவிடுவதுதான் முறை."

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் அந்த அம்மாளிடம் எடுத்துச் சொல்லவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது. இலைதான் போட்டார்கள்.

கெட்டித்தோல் சருகாகக் கழன்று விழுந்தது, உள்ளேயிருந்து எடையில்லாத மனிதர்கள் வந்தார்கள். நடந்தால் கால் பாவவில்லை. வீடுகளில் அம்மிக் குழவியை முந்தானையில் முடிந்து கொடுத்தார்கள், கொல்லர்கள் காலுக்கு இரும்பு வளையம் அடித்தார்கள், கரூர் திருச்சிப் பேருந்துகளில் நடத்துநர்கள், "பதருங்க யாராச்சும் இருந்தா ஜன்னலோரம் உக்காராதீங்கப்பா, அப்புறம் வழியில நிறுத்தித் தேட முடியாது" என்று சொல்லிவிட்டுத்தான் டிக்கெட் கிழித்தார்கள். வங்கிப் பெண்ணை மேலாளர் இரும்புப் பெட்டியோடு சேர்த்துக் கட்டி உட்காரவைத்தார். பயந்தவர்கள் கடைசி நாட்களில் வரிசை வரிசையாக முதல் வணக்கம் சொன்னார்கள். அந்தக் குரல்களை யாரும் கேட்கவில்லை, கேட்கிற ஜாதி அதற்குள் பாதிக்குமேல் காணாமல் போயிருந்தது.

ஆடிப்பெருக்கு விடிந்தது. மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு பெண்கள் தாய்வீட்டுக்குப் போகிற நாள். கரூரில் காலையிலிருந்தே காற்று கதவை அடித்துக்கொண்டிருந்தது, தமயந்தி காலில் கட்டிய உப்பு ஜாடியோடு சேர்ந்து எழும்பி உத்தரத்தை ஒட்டி நின்றாள், அவள் கைப்பேசி கீழே அலமாரியில் இருந்தது. ஆறு வருடத்தில் முதல்முறையாக அவள் அம்மாவைப் படிக்கவில்லை.

உறையூரில் காந்தியம்மா 'இன்றைய வேலை'யை எழுதி அனுப்பிவிட்டு மாடியில் நின்றார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, நான் சொல்கிறேன்: எழுதி அனுப்பியதும் யார் யார் படித்தார்கள் என்று அவர் பார்ப்பார். அடுக்குச் செம்பருத்திப் படம் வைத்த ஒரு நம்பர்தான் தினமும் முதலில் படிக்கும். அது படித்த பிறகுதான் அவர் கீழே இறங்கிக் காபி போடுவார். ஏன் என்று கேட்டால் பழக்கம் என்பார். அந்தச் செம்பருத்தி தன் வீட்டு வாசலில் நிற்கும் செம்பருத்திதான் என்பது தெரியுமா என்று கேட்டால், எல்லாச் செம்பருத்தியும் ஒரே மாதிரித்தான் இருக்கும் என்பார். அன்றைக்குச் செம்பருத்தி படிக்கவில்லை. வெயில் ஏறியது, காபி போடவில்லை, இறங்கவும் இல்லை.

கரூரில் காற்று கூரை ஓட்டைப் பெயர்த்தது. சந்து விட்டதுதான் தாமதம், ஜாடி கயிறு அறுந்து விழுந்து உடைந்தது, தமயந்தி அந்தச் சந்துக்குள் இடுப்புவரை போய்விட்டாள். சவரிமுத்து ஏணியில் பாய்ந்து ஒரு காலைப் பிடித்தான்.

"தமயா, பேசு. உன்னைத் தூக்கி வெளிய போட்டாலும் போடட்டும். நாங்க இருக்கோம்ல. பேசு."

ஜெனிதா கைப்பேசியை எடுத்து ஏணியில் ஏறி நீட்டினாள். தமயந்தி வாங்கினாள், பொத்தானை அழுத்தினாள், ஆறு வருடமாகத் தாய்க்குக் காட்டாமல் வைத்திருந்த குரலை எடுத்தாள்.

"வணக்கம். எம் பேரு தமயந்தி. ஊரு கரூர். மாடி கிடையாது. ஜன்னல்ல ஒரு புதினாத் தொட்டி இருக்கு. அவ்வளவுதான்."

பின்னால், "அப்பா, அம்மா கால விட்டுறாதப்பா" என்று ஒரு குழந்தையின் குரலும் அதில் பதிவாகிவிட்டது. அனுப்பிய மறுகணம் எடை திரும்பி, மூன்று பேரும் ஏணியோடு கீழே விழுந்தார்கள். சவரிமுத்துவுக்கு மணிக்கட்டு பிசகியது.

குழுவில் இலைகள் விழுந்தன. காந்தியம்மாவின் 'வா'வுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. கேட்டுவிட்டார் என்பதற்கு நீல அடையாளம் மட்டும் விழுந்தது. மதியம் ஆயிற்று. "அம்மா எங்கே?" என்று ஒருவர் கேட்டார். "அம்மாவே பதராயிட்டாங்களோ?" என்று ஒருவர் வேடிக்கையாக எழுதினார், அதற்கும் நிறைய இலைகள் விழுந்தன.

"கேட்டாச்சு, பதில் இல்ல. அவங்க மனசு அவ்வளவுதான், விட்டுரு" என்றான் சவரிமுத்து, மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு.

தமயந்தி அந்த நீல அடையாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் ஆறு வருஷமா பதில் போடலீங்க. அதுக்காக நான் கேக்காமலா இருந்தேன்?" என்றாள். பிறகு பெயர்ந்த ஓட்டின் வழியாக வானத்தைப் பார்த்தாள். "அய்யோ, அம்மா பேசலையே. வெளிய காத்தடிக்குது. கெளம்புங்க."

ஊரார் எத்தனையோ பேருக்கு எழுதிய 'வா' என்கிற ஓரெழுத்தைப் பெற்ற மகளுக்கு எழுத விரல் வராமல் காந்தியம்மா மாடியிலேயே நின்றிருந்தார். எழுதினார், அழித்தார், எழுதினார், அழித்தார். மற்றவர்களுக்கு எழுதும்போது அது வெறும் வரவேற்பு, இவளுக்கு எழுதினால் அது மெய்யாக ஆகிவிடும். எழுதாமல் நின்ற நேரத்தில் உள்ளங்கால் தரையை விட்டது. பேசாதவர் பதர் என்று அவர் போட்ட சட்டத்தில் அவரை மட்டும் விலக்கிவைக்க இடமில்லை. பாகல் பந்தலைத் தாண்டும்போது கொடிச்சுருள்கள் அவர் கால் விரல்களைச் சுற்றிக்கொண்டன, மனிதர்கள் செய்யாததைப் பாகற்கொடி செய்தது.

பேருந்தை விட்டு இறங்கி, தெருவில் ஓடி, வாசலில் நிற்காமல், ஆறு வருடமாக ஏறாத படிகளில் தமயந்தி ஏறி வந்தபோது, தாய் பந்தலுக்கு மேலே புடவை படபடக்க மிதந்துகொண்டிருந்தார். கைப்பேசி காதோடு ஒட்டியிருந்தது. 'எம் பேரு தமயந்தி' என்று அது சொன்னது, முடிந்ததும் மறுபடி அழுத்தினார், மறுபடி 'எம் பேரு தமயந்தி' என்றது. கொடி ஒவ்வொரு சுருளாக அறுந்துகொண்டிருந்தது. மகளைப் பார்த்தார். வாய் திறந்து மூடியது.

தமயந்தி எம்பித் தாயின் கணுக்காலைப் பிடித்தாள். காற்று அவளையும் சேர்த்துத் தூக்கியது, சவரிமுத்து அவள் இடுப்பைப் பிடித்தான், ஜெனிதா அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். தமயந்தியின் இன்னொரு கையில் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. பதர் பதர் என்று குழுவில் இப்போது வெளிப்படையாகவே எழுத ஆரம்பித்திருந்தார்கள். என்ன பெயர் வைத்தால் அம்மா இறங்குவார் என்று அவள் ஒரு கணம் யோசித்தாள். எந்தப் பெயரும் வாய்க்கவில்லை. ஆறு வருடம் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். கட்டைவிரலால் அதையே எழுதி அனுப்பினாள்.

"அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்."

கணுக்கால் அவள் கையில் கனக்க ஆரம்பித்தது. முதலில் ஒரு பூசணிக்காய் அளவு, பிறகு ஒரு குடம் தண்ணீர் அளவு, பிறகு முட்டி வலிக்காரப் பெண்மணி ஒருத்தியின் முழு எடை. காந்தியம்மா இரண்டு கத்தரித் தொட்டிகளுக்கு நடுவே இறங்கி உட்கார்ந்தார். அந்த வரியைப் படித்த வீடுகளில், 'எங்க அப்பாவும் கேட்டுக்கிட்டிருக்கார்', 'என் வீட்டுக்காரியும்' என்று எழுத எழுத, அங்கங்கே தென்னை மட்டையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் சிக்கியிருந்தவர்கள் இறங்கினார்கள். குவைத்தில் அறைவாசிகள் இரும்புக் கட்டிலோடு பிணைத்திருந்த ஹாஜா முகைதீனை அவிழ்த்துவிட்டார்கள். வங்கிப் பெண் மறுநாள் நோட்டு எண்ணினாள்.

சௌந்தரவல்லி இறங்கவில்லை. வைத்தியலிங்கம் காலையில் குழுவில் ஆடிப்பெருக்கின் சிறப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோதே அவள் போயிருந்தாள். முக்கொம்புப் பக்கம் மேலே ஒரு மஞ்சள் புடவை போனதைப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார், அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. 'வல்லி கேட்டுக்கொண்டிருக்கிறாள்' என்று வைத்தியலிங்கம் இன்றைக்கும் தினமும் எழுதுகிறார். வேறு எதுவும் எழுதுவதில்லை. வீட்டு மாடிக் கதவை அவர் மூடுவதே இல்லை.

அன்று உறையூர் மாடியில் காற்று தணிந்து, தொட்டிகளில் ஈரம் உலர்ந்து, வெயில் சாய்கிற வரைக்கும் நான்கு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தமயந்தி கணுக்காலை விடவில்லை. காந்தியம்மா மருமகனின் வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார், கடைசியாகக் குனிந்து மகளின் பாதங்களைப் பார்த்தார். ஓடிவந்த அவசரத்தில் அவள் எதையும் கழற்றியிருக்கவில்லை.

"மாடிக்குச் செருப்போட வரக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றார். குரல் கரகரத்தது, செருமிக்கொண்டார். "கழட்டிட்டு வா."

தமயந்தி செருப்பைக் கழற்றினாள்.